வீட்டுக்காரர் நான்தான், ஆனால் வீடு என் பேரில் இல்லை

2024 ஜனவரி. வருமான வரிக்கான ஆதாரங்களைக் கொடுக்கச் சொல்லி கம்பெனியில் மெயில் மேல் மெயிலாக வரும் மாதம். வழக்கம்போல கழிவுகளைப் பட்டியலிடும் 12பிபி படிவத்தை நிரப்பி, எல்ஐசி ரசீது, வங்கி தந்த வீட்டுக்கடன் வட்டிச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சாயங்காலம் அக்கவுன்ட்ஸில் புதிதாகச் சேர்ந்திருந்த பையனிடமிருந்து போன். "அண்ணே, கிரயப் பத்திரம் காப்பி ஒண்ணு வேணும், முதல் ரெண்டு பக்கம் போதும்."

ரெண்டு வருஷமா யாரும் கேட்டதில்லையே என்றேன். "நான் கேட்பேன்ணே" என்றான். கொஞ்சம் எரிச்சலோடுதான் போனில் இருந்த ஸ்கேன் காப்பியை அனுப்பினேன். மறுநாள் காலையில் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் சீட்டுக்கே வந்துவிட்டான். பேனாவால் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தான். என் பெயர் அந்தப் பத்திரத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்த இடத்தில்? "இன்னாரின் மனைவி" என்பதில் அந்த "இன்னார்" நான். எழுதி வாங்குபவர் என் மனைவி மட்டும்.

"பத்திரத்துல உங்க பேரு இல்லைன்னா வட்டியும் கழிக்க முடியாது, அசலும் கழிக்க முடியாதுண்ணே. பணம் கட்டுறது நீங்களா இருந்தாலும்."

வீட்டில் என் மனைவி போனில் யாரிடமாவது பேசும்போது "எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு" என்பாள். வருமான வரிச் சட்டத்தைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் வீட்டுக்காரர் அவள்தான், நான் வெறும் குடித்தனக்காரன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊரப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட். 2021 மார்ச் கடைசியில் பதிவு செய்தோம். விலை 41 லட்சம், கடன் 32 லட்சம். பத்திரச் செலவு தமிழ்நாட்டில் அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம் என்று நாலரை லட்சம் ஆனது. கையில் வேண்டியிருந்த பதின்மூன்றரை லட்சத்தில் மாமனார் 5 லட்சம் கொடுத்தார், மனைவியின் நகைகளில் பெரும்பகுதி போனது, மீதி என் சேமிப்பு. அதனால் அவள் பெயரில் வாங்குவது நியாயமாகவே பட்டது. அதோடு என் ஜாதகத்தில் நான்காம் இடம் சரியில்லை, சொத்து என் பெயரில் வேண்டாம் என்று அம்மா யாரிடமோ கேட்டு வந்திருந்தார். இதெல்லாம் போதாதென்று வங்கியில், பெண் முதன்மைக் கடன்தாரராக இருந்தால் வட்டியில் 0.05 சதவீதம் குறைவு என்றார்கள். அது அப்போது பெரிதாகத் தெரிந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், 32 லட்சத்துக்கு வருஷத்துக்கு 1,600 ரூபாய்.

மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, ஆண்டுச் சம்பளம் 3.6 லட்சம். அந்தச் சம்பளத்துக்கு 32 லட்சம் கொடுக்க மாட்டார்கள் என்பதால் என்னை கோ-அப்ளிகன்ட்டாகச் சேர்த்தார்கள். குழப்பத்தின் விதை இங்கேதான். சொத்துக்குச் சொந்தக்காரர் எல்லோரும் கடனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கிகள் வற்புறுத்தும், ஆனால் கடனில் கையெழுத்துப் போடும் எல்லோரும் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. அவர்களுக்குத் தேவை தவணை கட்டும் சம்பளம். ஆகவே வருஷா வருஷம் வரும் வட்டிச் சான்றிதழில் இரண்டு பெயரும் அழகாக அச்சாகி வரும். தவணை என் சம்பளக் கணக்கிலிருந்துதான் போகிறது, மாதம் 24,800 சொச்சம். சான்றிதழில் என் பெயர் இருக்கிறது, பணமும் நான்தான் கட்டுகிறேன், அப்புறம் கழிவு எனக்குத்தானே? இந்த யோசனையில் ஓட்டை இருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. முன்பு அக்கவுன்ட்ஸில் இருந்தவருக்கும் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, 12பிபியில் "மேலே சொன்னவை உண்மை" என்று கையெழுத்துப் போட்டது நான்.

அந்த வார சனிக்கிழமை தாம்பரத்தில் ஒரு ஆடிட்டரைப் போய்ப் பார்த்தேன். பெரியவர், நிதானமாகப் பேசுகிறவர். பத்திரத்தைத்தான் முதலில் கேட்டார், வட்டிச் சான்றிதழைத் தொடக்கூட இல்லை. வீட்டுச் சொத்து வருமானம் என்ற தலைப்பே சொந்தக்காரருக்கு மட்டும்தான், 22ஆம் பிரிவு அப்படித்தான் தொடங்குகிறது என்றார். குடியிருக்கும் வீட்டுக்கு 24பி பிரிவில் கிடைக்கும் 2 லட்சம் ரூபாய் வட்டிக் கழிவு அந்தத் தலைப்புக்குள் வருவதால், சொந்தக்காரராக இல்லாதவருக்கு அந்தக் கதவே திறப்பதில்லை. அசலுக்கு, பிஎஃப், எல்ஐசி எல்லாம் சேரும் 80சி பிரிவில் கிடைக்கும் கழிவும் அப்படித்தான், வீட்டுச் சொத்து வருமானம் யார் கணக்கில் வருமோ அவருக்கே. நான் 80சியை ஏதோ தனி உண்டியல் மாதிரி நினைத்திருந்தேன்.

"அப்போ என் மனைவி கழிச்சுக்கலாமா சார்?"

"தாராளமா. சொந்தக்காரங்க அவங்க, கடன்லயும் இருக்காங்க. தவணை அவங்க கணக்குலேர்ந்து போற மாதிரி பண்ணிக்கோங்க. ஆனா அவங்களுக்குக் கழிக்க வரி எங்க இருக்கு?"

அதுதான் விஷயம். 3.6 லட்சம் சம்பளத்துக்கு, குறைந்த வருமானக்காரர்களுக்கான 87ஏ தள்ளுபடியில் ஏற்கெனவே வரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதைக் கழிப்பது.

கணவர் பணம் கொடுத்து மனைவி பேரில் வாங்கினால் அது பினாமியா என்ற பயமும் எனக்கு இருந்தது, கேட்டேன். இல்லை, கணக்கில் வந்த பணத்தில் மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்குவதற்குப் பினாமிச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. மனைவி பேரில் வீடு வாங்கியது தப்பில்லை, அதற்கு நான் கழிவு கேட்டதுதான் தப்பு.

சரி, நடந்தது நடந்துவிட்டது, என்ன செய்யலாம்? 2021-22, 2022-23 என்று இரண்டு நிதியாண்டுகளுக்குத் தப்பாகக் கழித்து ரிட்டர்னும் போட்டாகிவிட்டது. திருத்திய ரிட்டர்னுக்கான கெடு, அந்தந்த மதிப்பீட்டு ஆண்டின் (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) டிசம்பர் 31, இரண்டுக்கும் தாண்டிவிட்டது. மிச்சம் இருந்த வழி ஐடிஆர்-யு என்கிற புதுப்பித்த ரிட்டர்ன். குறைத்துக் காட்டிய வரியை நாமாகவே முன்வந்து கட்டுவதற்கான ஏற்பாடு அது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல், அடுத்த 12 மாதத்துக்குள் என்றால் 50 சதவீதம். (2025 பட்ஜெட்டில் இந்தக் கெடுவை 48 மாதம்வரை நீட்டிவிட்டார்கள், ஆனால் தாமதிக்கத் தாமதிக்க 60, 70 என்று ஏறும்.)

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்று நானும் கேட்டேன். கேட்காமல் இருப்பேனா. அவர்களாகக் கண்டுபிடித்து, தவறான தகவல் கொடுத்திருக்கிறார் என்று முடிவு செய்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போட 270ஏ பிரிவில் இடம் இருக்கிறது என்றார். அதைச் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். 2021-22இல் என் சம்பளம் 11.4 லட்சம். சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 50 ஆயிரம், வட்டிக்கு 2 லட்சம், 80சியில் பிஎஃப், எல்ஐசி, வீட்டு அசல் எல்லாம் சேர்த்து முழு ஒன்றரை லட்சம். 7.4 லட்சத்துக்கு வரி 62,920. இப்போது வட்டியையும் அசலையும் எடுத்துவிட்டால் 80சியில் பிஎஃப்பும் எல்ஐசியுமாக 86 ஆயிரம்தான் நிற்கிறது, வரிக்குரிய வருமானம் 10.04 லட்சம், வரி 1,18,248. வித்தியாசம் 55,328. இதன் மேல் மாதம் ஒரு சதவீதம் வீதம் 24 மாதத்துக்கு வட்டி, முன்கூட்டியே வரி கட்டாததற்கான இன்னொரு சின்ன வட்டி, எல்லாவற்றின் மீதும் 25 சதவீதம் கூடுதல். 89 ஆயிரத்தைத் தாண்டியது. அதை 2024 மார்ச்சில், 12 மாதக் கெடு முடிவதற்குள், கட்டினேன். அடுத்த வருஷத்துக்கானதை மே மாதம். இரண்டும் சேர்த்து ஒரு லட்சத்து 80 ஆயிரம் சொச்சம். அதில் 60 ஆயிரத்துக்கு மேல் வெறும் வட்டியும் கூடுதல் வரியும்தான். வருஷம் 1,600 ரூபாய் வட்டிச் சலுகையை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னவன் நான்.

நடப்பில் இருந்த 2023-24க்கு மட்டும் ஒரு நல்ல காலம். அந்த வருஷத்திலிருந்து, கழிவுகளும் குறைவு விகிதமும் குறைவு என்கிற புதிய வரிமுறைதான் இயல்பான முறை, விகிதங்களையும் மாற்றியிருந்தார்கள். 13 லட்சம் சம்பளத்துக்குப் பழைய முறையில் வீட்டுக் கழிவு இல்லாமல் 1.67 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்தது, புதிய முறையில் 1.04 லட்சம். மாறிவிட்டேன். இதில் வேடிக்கை, அந்தப் பொய்யான கழிவைப் போட்டிருந்தாலும் பழைய முறையில் இதைவிட எட்டாயிரம் ரூபாய்கூடக் குறைந்திருக்காது. கழிந்துபோன இரண்டு வருஷங்களுக்கும் இப்படி மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன், முடியாது, அந்தத் தேர்வைக் கெடுவுக்குள் போடும் முதல் ரிட்டர்னிலேயே செய்திருக்க வேண்டும்.

இனி ஊரார் யோசனைகள். இந்த மாதிரி விஷயம் வெளியே தெரிந்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள் இல்லையா.

முதல் யோசனை மச்சானுடையது. "என்ன மாமா, அக்காகிட்ட சொல்லிப் பாதியைத் தான செட்டில்மென்ட்டா எழுதி வாங்கிக்கோங்க, செலவும் கம்மி." செலவு கம்மிதான். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40 ஆயிரம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10 ஆயிரம். பாதி ஃபிளாட்டுக்கு முப்பதாயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும் போல இருந்தது. வீடு அடமானத்தில் இருப்பதால் வங்கியிடம் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அது ஒரு அலைச்சல், பரவாயில்லை என்று ஆடிட்டருக்கு போன் போட்டேன். அவர் சிரித்தார். 27ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, போதுமான விலை வாங்காமல் கணவனோ மனைவியோ மற்றவருக்கு வீட்டை எழுதிக் கொடுத்தால், வரிக்கு எழுதிக் கொடுத்தவரே சொந்தக்காரராகக் கருதப்படுவார். அதாவது நான் முப்பதாயிரம் செலவழித்து என் பெயரைப் பத்திரத்தில் ஏற்றினாலும், வருமான வரித் துறை கண்ணில் அந்தப் பாதியும் அவளுடையதுதான். கழிவு வராது.

இதையே திருப்பிப் பாருங்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தன் பெயரில் கடன் வாங்கி வாங்கிய வீட்டை அன்பில் மனைவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இனி கழிவு போச்சு என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் விஷயத்தில் இதே 27ஆம் பிரிவுப்படி வரிக்கு அவர்தான் சொந்தக்காரர். வட்டிக் கழிவு அவரிடமே இருக்கும். ஆனால் இந்தப் பிரிவு வீட்டைக் கொடுத்ததைப் பற்றித்தான் பேசுகிறது, வீடு வாங்கப் பணம் கொடுத்ததைப் பற்றி அல்ல. நான் கொடுத்தது பணம். அந்த வித்தியாசம்தான் என்னைக் கவிழ்த்தது. பணம் என்னுடையது, ஆகவே நான்தான் உண்மையான சொந்தக்காரன் என்று வாதாடிப் பார்க்கலாமாம். 2 லட்சம் கழிவுக்காகத் தீர்ப்பாயம்வரை போகிற ஆள் நான் இல்லை.

சரி, இலவசமாக வாங்கினால்தானே பிரச்சினை, மனைவியிடம் முறையாக விலை கொடுத்தே பாதியை வாங்கினால்? அப்போது மறுபடியும் பத்திரச் செலவு 9 சதவீதம் (பதிவுக் கட்டணத்தை 2023இல் 2 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள்), பாதிக்கு ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல். அவளுக்கு லாபம் வந்தால் அதற்கு மூலதன ஆதாய வரி. யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

இன்னொருவர் சொன்னது, மனைவிக்கு மாதாமாதம் வாடகை கொடுத்து எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப்படிக்கான கழிவு வாங்கு என்பது. மனைவிக்கு உண்மையாகவே வாடகை கொடுத்ததை ஒன்றிரண்டு தீர்ப்பாயங்கள் ஏற்றிருக்கின்றன, அதனால் இது முழுக்கக் கதையில்லை. ஆனால் வாடகை வங்கி வழியாகப் போக வேண்டும், அவள் ரிட்டர்னில் அந்த வாடகையைக் காட்ட வேண்டும். போதாததற்கு, கணவன் கொடுத்த பணத்தில் மனைவி வாங்கிய சொத்திலிருந்து வரும் வருமானத்தைக் கணவன் தலையில் கட்டும் 64ஆம் பிரிவு வேறு இருக்கிறது. நான் கொடுக்கும் வாடகை சுற்றி வந்து என் வருமானத்திலேயே சேரும் என்று கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. மனைவியிடம் சொன்னேன். "வாடகை குடுக்கிறதா இருந்தா குடுங்க, அட்வான்ஸ் பத்து மாசம்" என்றாள்.

இவ்வளவு ஆனபின் இப்போது என்ன நிலைமை என்று கேட்டால், வட்டிக் கழிவே எனக்கு அவசியமில்லாமல் போய்விட்டது. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவும் கிடையாது, 80சியும் கிடையாது. யார் பெயரில் வீடு இருந்தாலும் ஒன்றுதான். 2025-26க்கு 14 லட்சம் சம்பளம் என்று வைத்துப் பார்த்தேன். பழைய முறையில் வட்டி, 80சி இரண்டும் முழுசாகக் கிடைத்தாலும் வரி 1,17,000. புதிய முறையில் ஒரு கழிவும் இல்லாமல், 75 ஆயிரம் நிலைக்கழிவு மட்டும் போக, 81,900. ஆக, வரிக்காக மட்டும் பத்திரத்தில் பெயர் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் இரண்டு முறையிலும் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்ஆர்ஏ, காப்பீடு, பிள்ளைகள் கல்விக் கட்டணம் என்று நிறையக் கழிவு வைத்திருப்பவர்களுக்குத்தான் பழைய முறை இன்னும் கட்டுப்படியாகிறது. (நான் சொல்லும் பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் வருஷச் சட்டத்தினுடையவை, 2026 ஏப்ரல் 1இலிருந்து புதிய வருமான வரிச் சட்டம், அதில் எண்கள் வேறு.)

போன வருஷம் என் தம்பி திருச்சியில் வீடு பார்த்தான். கணவன் மனைவி இருவரும் நல்ல சம்பளம், இருவரும் பழைய முறை. வங்கியில் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் எழுதப் போகும் நேரத்தில்தான் எனக்குச் சொன்னான், அதுவும் "அவ பேர்ல வாங்குறேன்ணா, பொம்பளைங்க பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் கம்மியாமே" என்று. அந்தச் சலுகை 2025 ஏப்ரலிலிருந்து இருப்பது உண்மை, ஆனால் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்குத்தான். திருச்சியில் அவன் பார்த்தது 55 லட்சம். எடுத்த எடுப்பில் அக்ரிமென்ட்டிலேயே இரண்டு பெயரையும் போடச் சொன்னேன், ஏனென்றால் வங்கி அனுமதி அக்ரிமென்ட்டில் இருக்கும் பெயர்களை வைத்து வந்துவிட்டால் அப்புறம் பத்திரத்தில் பெயரை மாற்றுவது பெரிய பாடு. பத்திரத்தில் ஆளுக்குச் சரிபாதி என்று பங்கை எழுதச் சொன்னேன். கடனில் இருவரும் இருக்க வேண்டும், வீடு இருவர் பெயரில் இருந்து கடன் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்றவருக்குக் கழிவு இல்லை. தவணை போகும் கணக்கில் இருவர் சம்பளத்திலிருந்தும் மாதாமாதம் பாதிப் பாதி வந்து விழ வேண்டும். இப்படி இருந்தால் குடியிருக்கும் வீட்டுக்கு ஆளுக்கு 2 லட்சம்வரை வட்டி கழிக்கலாம். இப்போது ரிட்டர்ன் படிவத்திலேயே கடன் கொடுத்தவர், கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி எல்லாம் கேட்கிறார்கள், ஆகவே ஆளுக்கொரு கதை சொல்ல முடியாது.

தம்பிக்கு இந்தப் பங்குப் பிரிவு கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள பாதி பாதின்னு எழுதணுமாண்ணா?" என்றான். எழுதாவிட்டாலும் பாதிதான், எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

பதிவுக்கு முந்தைய நாள் பத்திர எழுத்தர் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஊரப்பாக்கத்தில் இருந்து பஸ் ஏறி உட்கார்ந்துகொண்டே பெரிதாக்கிப் படித்தேன். நான்கு எல்லையெல்லாம் பார்க்கவில்லை, அதைத் தம்பி பார்த்துக்கொள்வான். அவன் பெயரை மட்டும் தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று அவள் கணவராக, இன்னொன்று எழுதி வாங்குபவராக. சரியா இருக்கு, நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு என்று பதில் அனுப்பிவிட்டு, மதுராந்தகம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.